வாடகைக்கு அரசு தரும் உதவி: கையொப்பமிடுவதற்கு முன் அறியவேண்டிய தொகை

(நூலக மண்டபத்தில் 2025 டிசம்பரில் நடைபெற்ற தமிழ்மொழித் தகவல் அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் உறவினரைக் கொண்ட குடும்பத்தினர் சிலர் கவுன்சில் அலுவலகத்துக்கு வந்து, வாடகை வவுச்சர் எங்கே வழங்கப்படுகின்றது என்று வினவுவதுண்டு. அங்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் உருவான வவுச்சர் திட்டம் நடைமுறையில் உள்ளது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகைக்குச் செலுத்தும். எஞ்சியதை, ஒரு வரம்புக்குட்பட்டு, அரசின் நிதி வீட்டு உரிமையாளருக்கு நேரே செலுத்தும். ஆனால் தகுதி இருந்தும் வவுச்சர் கிட்டாமல் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் காத்திருப்போர் அந்நாட்டில் ஏராளம்.

இங்கிலாந்தில் வவுச்சர் என்று ஒரு தாள் கிடையாது. விதிகளுக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் வாடகை உதவி உரிமையாகவே வழங்கப்படுகின்றது. அதற்கென வரிசையும் இல்லை. அதற்குப் பதிலாக இங்கு ஒரு தொகை குறுக்கே நிற்கின்றது. பல குடும்பங்கள் அத்தொகையைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுவது, வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, பொருள்களை ஏற்றி இறக்கி, பிள்ளைகளைப் புதிய பாடசாலையில் சேர்த்த பின்னரே. இன்றைய உரை பெரும்பாலும் அத்தொகையைப் பற்றியது.

முதலில் உதவியைத் தருவது யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. உழைக்கும் வயதினருக்கு வாடகை உதவி யூனிவர்சல் கிரெடிட்டின் ஒரு பகுதியாக மத்திய அரசின் திணைக்களத்திடமிருந்து வருகின்றது. ஓய்வூதிய வயதை அடைந்தோருக்கு ஹவுசிங் பெனிபிட் என்ற பெயரில் கவுன்சிலே வழங்குகின்றது. இவ்வுதவி வேலையற்றோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அது பிழை. எரிபொருள் நிலையத்திலோ பராமரிப்பு இல்லத்திலோ பணிபுரிந்து குறைந்த ஊதியம் பெறுவோரும் பெறலாம். ஊதியம் உயர உயர உதவி படிப்படியாகக் குறையும், அவ்வளவே.

சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேற்பட்டால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்குக் கீழ்ப்பட்டால் பாதிப்பில்லை. இங்கு ஒரு செய்தியை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ பெயரில் உள்ள காணியும் வீடும் மூலதனமே. வெளிநாட்டில் இருப்பதனால் அது கணக்கில் வராது என்று எவரேனும் கூறியிருந்தால் அதை நம்பவேண்டாம். அதே வேளை, ஓய்வூதிய வயதை அடைந்த நெருங்கிய உறவினர் ஒருவர் அவ்வீட்டைத் தமது இல்லமாகக் கொண்டு வாழ்வாராயின் அதன் மதிப்பைச் சேர்க்காமல் விட விதியில் இடமுண்டு. ஆகவே தாய் குடியிருக்கும் ஊர்வீட்டை மறைப்பதற்குக் காரணமே இல்லை. அறிவித்துவிட்டு, யார் அங்கு வாழ்கின்றார் என்பதையும் கூறுதல் வேண்டும்.

இனி, அந்தத் தொகை.

தனியாரிடம் வாடகைக்குக் குடியிருப்போருக்கு, கொடுக்கும் வாடகை முழுவதும் உதவியாகக் கிடைக்கும் என்பதில்லை. ஆங்கிலத்தில் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் எனப்படும் உச்சத்தொகை ஒன்று ஒவ்வொரு பகுதிக்கும் உண்டு. வாடகை அலுவலர்கள் ஒரு பகுதியின் வாடகைகளைத் திரட்டிக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்துவர். 100 வீடுகள் அவ்வரிசையில் இருந்தால் 30ஆவது வீட்டின் வாடகையே உச்சத்தொகைக்கு அடிப்படை. இம்முறை 2008இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது அது 50ஆவது வீடாக இருந்தது. அக்காலத்தில் உச்சத்தொகையைவிட மலிவாக வீடு பிடித்தவர் வாரம் 15 பவுண்டு வரை தமக்கென வைத்துக்கொள்ளவும் அனுமதி இருந்தது! 2011இல் அந்தச் சலுகையும் போயிற்று, 50ம் 30 ஆயிற்று.

அத்துடன் நின்றிருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும். 2016 முதல் நான்கு ஆண்டுகள் தொகை உறைய வைக்கப்பட்டது. 2020இல் உயர்த்தப்பட்டு மீண்டும் உறைந்தது. 2024 ஏப்ரலில் மறுபடியும் உயர்ந்து, அதன்பின் அசையவில்லை. 2024இன் தொகையே 2023 செப்டெம்பர் வரையிலான வாடகைகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. வாடகையோ அதன்பின் ஏறிக்கொண்டே இருக்கின்றது. சட்டத்தின் ஏட்டில் 30ஆவது வீடு என்று எழுதப்பட்டிருப்பது தெருவில் இறங்கித் தேடும்போது மிகச் சில வீடுகளாகச் சுருங்கிப்போவது இதனால்தான்.

இந்தத் தொகை எத்தனை படுக்கையறை தேவை என்பதைப் பொறுத்து மாறும். வீட்டில் எத்தனை அறைகள் உள்ளன என்பது இங்கு பொருட்டன்று. தம்பதியருக்கு ஓர் அறை; 16 வயதை எட்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் அறை; 16க்குக் கீழ்ப்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை; 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட இருவர் எப்பாலினராயினும் ஓர் அறை. எப்படிக் கூட்டினும் நான்கு அறைகளுக்கு மேல் கணக்கில்லை. தனித்து வாழும் 35 வயதுக்குட்பட்டோருக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பகிர்ந்து வாழும் வீட்டின் ஓர் அறைக்குரிய தொகையே கிட்டும்.

கணவன், மனைவி, 14 வயது மகன், 12, 8 வயது மகள்மார் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுக்கு மூன்று அறைகள். மூத்த மகளுக்கு 16 நிரம்பும் நாளில் அது நான்காகும். அவ்விவரத்தை உடனே அறிவிக்கவேண்டும், திணைக்களம் தானாகவே நினைவில் வைத்திருக்கும் என்று இருத்தல் ஆகாது. கணக்கின் எளிமைக்காக மூன்று அறைக்கான உச்சத்தொகை வாரம் 400 பவுண்டு என்றும், அவர்கள் பிடித்த வீட்டின் வாடகை 460 என்றும் கொள்வோம். வாரத்துக்கு 60 குறைகின்றது. மாதம் 260, ஆண்டுக்கு 3,120. கையொப்பமிடும் நாளில் 60 பவுண்டு பெரிய தொகையாகத் தோன்றுவதில்லை. "எப்படியும் சமாளிக்கலாம்" என்பது நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொல். ஆனால் அந்த 3,120 உணவிலிருந்தும் மின்கட்டணத்திலிருந்தும் கைமாற்றுக் கடனிலிருந்தும் சீட்டுப் பணத்திலிருந்துமே எடுக்கப்படுகின்றது.

ஆதலால் வீட்டைப் பார்க்கச் செல்வதற்கு முன்னரே அந்த அஞ்சற் குறியீட்டுக்குரிய தொகையைப் பார்த்துவிட வேண்டும். அரசின் இணையத்தளத்தில் குறியீட்டையும் அறைகளின் எண்ணிக்கையையும் இட்டால் அது கிடைக்கும். நூலகப் பணியாளரிடமும் கேட்கலாம். இந்தப் பகுதிகளின் எல்லை கவுன்சிலின் எல்லையோடு பொருந்துவதில்லை. ஒரே கவுன்சிலுக்குள் இரு வேறு தொகைகள் இருக்கக் கூடும். கவுன்சில் வீட்டிலும் வீட்டுச் சங்கங்களின் வீட்டிலும் குடியிருப்போருக்கு விதிகள் வேறு; அவை இவ்வழிகாட்டியின் வேறோர் இடத்தில் உள்ளன.

உறவினரிடம் வாடகைக்கு இருப்பது குறித்தும் சொல்லவேண்டியுள்ளது. ஒரே வீட்டில் உடன் வாழும் நெருங்கிய உறவினருக்குச் செலுத்தும் வாடகைக்கு உதவி கிடையாது. மைத்துனருக்கு உரிய வேறொரு வீட்டில் தனியாகக் குடியிருந்தால் பெறலாம். ஆனால் அது மெய்யான வாடகை ஒப்பந்தம் என்று காட்டவேண்டும். இங்கேதான் நம்மவர் இடறுகின்றனர். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று ஒப்பந்தம் எழுதாமல், மாதந்தோறும் பணத்தைக் கையில் கொடுத்து, பற்றுச்சீட்டும் பெறாமல் இருந்துவிட்டுப் பின்னர் உதவி கோரும்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கின்றனர். எழுதிக்கொள்வது உறவை அவமதிப்பதாகாது.

குறை விழுந்துவிட்டது, இனி என்ன? கவுன்சிலிடம் விருப்புரிமை வீட்டுக் கொடுப்பனவு என்ற நிதி உண்டு. ஆங்கிலத்தில் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் என்பர். யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதியையோ ஹவுசிங் பெனிபிட்டையோ பெறுவோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். இது உரிமையன்று, கவுன்சில் சூழ்நிலையை ஆராய்ந்து, பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குவது. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இதன் இடத்தை நெருக்கடி உதவிக்கான புதிய நிதியம் ஒன்று பெறுகின்றது. பெயர் மாறினாலும் விண்ணப்பத்தில் கேட்கப்படுவது குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கே. அதை மானம் கருதிக் குறைத்தெழுதுவோர் பலர். மருந்துக்கும் பேருந்துக்கும் பாடசாலைச் சீருடைக்கும் ஆகும் செலவை எழுதாமல் விட்டால், வாசிக்கும் அலுவலருக்கு அக்குடும்பத்திடம் பணம் மிஞ்சுவதாகவே தோன்றும்.

அந்தக் கணக்கின் மதிப்பை உணர்த்தும் வழக்கொன்று உண்டு. நான்கு பிள்ளைகளுடன் தனித்து வாழ்ந்த தாய் ஒருவர் மாதம் 700 பவுண்டு வாடகை வீட்டில் இருந்தார். அவருக்குக் கிடைத்த வாடகை உதவி 548 பவுண்டு 51 பென்ஸ். குறை 151 பவுண்டு 49. நிலுவை ஏறி வீட்டை இழந்தார். பர்மிங்காம் நகர சபையை அணுகியபோது, ஏனைய உதவிப் பணங்களிலிருந்து அக்குறையை அவர் நிரப்பியிருக்கலாம் என்றும், ஆதலால் வேண்டுமென்றே வீடிழந்தவர் என்றும் முடிவு செய்யப்பட்டது. வேண்டுமென்றே வீடிழந்தவர் என்ற முத்திரை விழுந்தால், நிலையான வீடு தேடித்தரும் முழுக் கடமை சபைக்கு இல்லாமற் போகும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஜூன் 12 அன்று வந்த தீர்ப்பில் நீதிமன்றம் அத்தாயின் பக்கம் நின்றது. வாழ்க்கைச் செலவுக்கென அரசு தரும் உதவிப் பணம் பொதுவாக மிச்சம் விழும்படி அமைக்கப்பட்டதன்று. செலவினத்தைச் சுருக்கியிருக்கலாமா என்று கேட்பதைவிட, பிள்ளைகளின் நலனையும் கருதி நியாயமான செலவு எது என்று கேட்கவேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் பயின்றோர் இத்தீர்ப்பை வீட்டுவசதிச் சட்டத்தின் ஒரு நுட்பமாகப் படிப்பர். பிள்ளைகளின் பாலுக்குரிய பணத்தை வாடகைக்குக் கொடுத்து இரவில் உறக்கமின்றி இருக்கும் தாய்க்கு அது வேறு பொருள் தரும்.

இத்தீர்ப்பு இருக்கின்றதென்று வாடகையை நிறுத்திவிடலாம் என்று எவரும் கொள்ளலாகாது. நிலுவை தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்து கூறினால் செய்யக் கூடியவை பல. வெளியேறும்படி உரிமையாளர் வாய்மொழியாகக் கூறினார், அயலவர் அறியுமுன் போய்விடுவோம் என்று சாவியை ஒப்படைத்துவிட்டு உறவினர் வீட்டின் முன்னறையில் படுத்துறங்கும் குடும்பங்கள் உண்டு. அப்படிச் சென்றபின் சபையிடம் உதவி பெறுவது கடினமாகின்றது. சட்டப்படியான அறிவித்தல், நீதிமன்ற ஆணை என்று படிகள் உள்ளன; ஆலோசனை பெறாமல் எவரும் வெளியேறவேண்டாம். 56 நாள்களுக்குள் வீடிழக்கும் நிலை தோன்றினால், தகுதியுடையோருக்கு அதைத் தடுக்க முயலும் கடமை 2018 ஏப்ரல் முதல் கவுன்சிலுக்கு உண்டு.

உதவி பெறுவோருக்கு வீடு கிடையாது என்று முகவர்கள் விளம்பரத்தில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. 2020 ஜூலையில் யோர்க் மாவட்ட நீதிமன்றம், அவ்வாறு ஒட்டுமொத்தமாக மறுப்பது பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான மறைமுகப் பாகுபாடு என்று கூறியது. இப்பொழுது வாடகையாளர் உரிமைச் சட்டம் 2025 அதனை நேரடியாகவே தடை செய்கின்றது. அச்சட்டத்தின்படி, காரணம் கூறாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு அறிவித்தலும் 2026 மே 1 முதல் இல்லாமற் போகின்றது.

குடிவரவு நிபந்தனை ஒன்றையும் இங்கு எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். விசாவில் பொது நிதியைப் பெற அனுமதி இல்லை என்று எழுதப்பட்டிருப்போர், விண்ணப்பிக்குமுன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டே ஆகவேண்டும். பிழையான விண்ணப்பம் விசாவைப் பாதிக்கும். கணவருக்கு உரிமை இருந்து மனைவிக்கு இல்லாத வீடுகளும் உண்டு. அத்தகையோருக்கும் வழிகள் உள்ளன, ஆனால் ஆலோசனைக்குப் பின்னரே. வீடிழத்தல் பற்றிய தகவலும் ஆலோசனையும் மட்டும் எந்தக் குடிவரவு நிலையினருக்கும் இலவசம்.

வரும்போது ஒப்பந்தம், வங்கிக் கணக்கறிக்கை, ஊதியச் சீட்டு, திணைக்களத்தின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு வருக. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் கவுன்சில் ஏற்பாடு செய்யும். 11 வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து, தந்தையின் கடனை அதன் வாயால் சொல்லவைக்கத் தேவையில்லை. யூனிவர்சல் கிரெடிட் முடிவு தவறு என்று கருதினால் மறுபரிசீலனை கோருவதற்கு ஒரு மாதமே உண்டு. அந்த மாதம் எண்ணப்படுவது முடிவு அறிவிக்கப்பட்ட திகதியிலிருந்து. கடிதம் உறையைப் பிரிக்காமல் மேசையில் கிடந்த நாள்களும் அதில் அடங்கும்.