தோட்டத்தில் ரெண்டு பேர், சரவணம்பட்டியில் மூணு பேர்

(சரவணம்பட்டியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயித்துக்கிழமை காலையில வந்திருக்கீங்க, ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்க அப்பிச்சி கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? ஆறு, ஏழு இருக்கும். உங்க அப்பா கூட? மூணு. உங்க குழந்தை கூட? பாதிப் பேர் வீட்டில் 'ஒண்ணே போதும்'னு நிறுத்தியிருப்பீங்க.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை இருந்தால்தான் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும். மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி 2020-ல் தமிழ்நாட்டில் இது 1.4. அதே வருஷம் அமெரிக்காவில் 1.6, ஜப்பானில் 1.3. அதாவது நாம் அமெரிக்காவைத் தாண்டிக் கீழே இறங்கி, ஜப்பானுக்குப் பக்கத்தில் நிக்கறோம். பெண்கள் படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, பிறந்த குழந்தை பிழைக்கும்னு நம்பிக்கை வந்துச்சு. இதில் வருத்தப்பட ஒண்ணுமில்லை.

ஆனால் ஜப்பானை ஒரு நிமிஷம் பாருங்க. அங்கே 65 வயசு தாண்டினவங்க பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக வெறும் 24 வருஷம்தான் ஆச்சு, 1970-லிருந்து 1994 வரை. இப்போ நூத்துக்கு 29 பேர். 2023 கணக்குப்படி ஆளில்லாத வீடுகள் மட்டும் சுமார் 90 லட்சம். ஆனா அவங்க பணக்கார நாடாகிட்டு அப்புறம் முதுமையானவங்க. 2000-லேயே முதியோர் பராமரிப்புக்குன்னு தனிக் காப்பீடு கொண்டு வந்தாங்க. 40 வயசு ஆன எல்லாரும் அதுக்குப் பணம் கட்டறாங்க. நம்ம ஊர்ல அந்தக் காப்பீடு யாருங்க? மகனும் மருமகளும்தான். அவங்க இங்கே சத்தி ரோட்டில் ஃபிளாட்டில் இருக்காங்க.

தமிழ்நாட்டில் 60 தாண்டினவங்க 2011-ல் நூத்துக்குப் பத்துப் பேர். 2031-ல் 18 பேர் ஆவாங்கன்னு அரசு மதிப்பீடு. அதில் எத்தனை பேர் தோட்டத்து வீட்டில் தனியா இருப்பாங்க? 2025-ல் சிவகிரி பக்கம் அப்படித் தனியா இருந்த ஒரு வயசான தம்பதி கொல்லப்பட்டாங்க. அந்த வாரம் இங்கே பல பேர் ராத்திரி ஊருக்குப் போன் போட்டிருப்பீங்க. நானும் போட்டேன்.

இப்போ என் வீட்டுத் தப்பைச் சொல்றேன். 2011-ல் அன்னூர் பக்கம் எங்க தோட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்த டீச்சர்கிட்ட அம்மா 'அஞ்சு பேர்'னு சொல்லிட்டாங்க. அங்கே இருந்தது ரெண்டே பேர். "பையனை விட்டுட்டுச் சொன்னா நல்லாவா இருக்கும் கண்ணு?"ன்னாங்க. நான் இங்கேயும் மூணு பேர்னு எழுதிட்டேன். அப்போ சரவணம்பட்டி பேரூராட்சி. அந்த வருஷம்தான் மாநகராட்சியில் சேர்ந்துச்சு. அப்புறம் இந்த ரோடு எப்படி மாறிச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2021-ல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போச்சு.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 தான் கணக்குத் தேதி. இந்த முறை போனிலேயே நாமே பதியலாம். பதிந்தால் ஓர் எண் வரும், வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் அதைக் காட்டணும். வழக்கமாக எங்கே தங்கறீங்களோ அங்கேதான் உங்க பெயர் வரணும். வெளிநாட்டில் குடியிருக்கும் மகன் கணக்கில் வர மாட்டார். பக்கத்து பிஜியில் இருக்கும் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்து வந்து இங்கேயே தங்கி வேலை செய்யறவங்களும் இங்கேதான் வருவாங்க.

ரேஷன் கார்டில் பெயர் போயிடுமோன்னு பயம் வேண்டாம். அது வேற, இது வேற. 1948-ம் வருஷத்துச் சட்டப்படி நீங்க சொல்ற விவரம் ரகசியம். வங்கிக் கணக்கு எண்ணையோ ஓடிபியையோ யாராவது போனில் கேட்டால், அது கணக்கெடுப்பே இல்லை, வெச்சிடுங்க.

போன கூட்டத்தில் ஒரு அய்யா கேட்டாரு, "தலை குறைஞ்சா ஊருக்கு வர்றதும் குறையுமே?"ன்னு. நியாயமான கேள்விதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு தலையை எண்ணித்தான் அளவு வெச்சிருக்காங்க. ஆனா வயசும் அதே கணக்கில்தான் இருக்கு. அஞ்சு பேர் இருக்கிற வீடுன்னு எழுதினா, மாத்திரை வாங்கப் போக ஆள் இருக்குன்னு அர்த்தம். ரெண்டு பேர், 74 வயசு, 69 வயசுன்னு எழுதினாத்தான் அங்கே தேவை பள்ளிக்கூடம் இல்லை, வீடு தேடி வர்ற நர்ஸ்னு தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லும், வயசானவங்க வீட்டுக்கே ரேஷன் கொண்டு போகும் தாயுமானவர் திட்டம் 2025-லும் வந்தது இந்தத் தேவைக்குத்தான்.

பெத்தவங்களுக்குப் போனில் பதியத் தெரியாது. ஒரு ஞாயிறு போய்ப் பக்கத்தில் உக்காந்து பதிஞ்சு கொடுங்க. முதியோர் உதவி எண் 14567-ஐயும் அவங்க போனில் சேமிச்சு வைங்க.

போன வாரம் அம்மாகிட்டக் கேட்டேன், இந்தத் தடவை என்ன சொல்லுவீங்கன்னு. "ரெண்டுன்னே சொல்றேன். ஆனா வர்ற டீச்சர்கிட்ட, பையன் வாரா வாரம் வந்துட்டுப் போறான்னும் சொல்லுவேன், எழுதினா எழுதட்டும்"ன்னாங்க.