ஏ.ஜி. காஸ்டன்: ஈமத் தொழிலும் சமூகக் கடமையும்
(பட்டமளிப்பு விழா உரை)

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரத்துக் கறுப்பின மக்களின் இறுதிச் சடங்குகளை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திக் கொடுத்தவர் ஆர்தர் ஜார்ஜ் காஸ்டன். அடக்கச் செலவுக்கு வழியில்லாத ஏழைத் தொழிலாளர்களுக்காக அவர் தொடங்கிய சிறு சங்கம், பின்னாளில் காப்பீட்டு நிறுவனமாகவும் வணிகக் கல்லூரியாகவும் விடுதியாகவும் சேமிப்பு நிறுவனமாகவும் கிளைவிட்டது. ஊரார் முகம் சுளிக்கும் ஒரு தொழில் ஒரு சமூகத்துக்கே முதுகெலும்பாக முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

காஸ்டன் 1892 ஜூலை 4 அன்று டெமோபொலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார். தாய், வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை செய்தார். பர்மிங்ஹாமில் கேரி டகிள் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்ததோடு காஸ்டனின் பள்ளிக் கல்வி முடிந்தது. கறுப்பினத்தவர் கைத்தொழிலாலும் வணிகத்தாலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவந்த புக்கர் டி. வாஷிங்டனை அவர் ஆசானாக வரித்துக்கொண்டார். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றித் திரும்பியபின் சுரங்க நிறுவனம் ஒன்றில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். தாய் கட்டிக் கொடுத்த மதிய உணவைச் சக தொழிலாளர்களுக்கு விற்றார். சேர்ந்த காசை வட்டிக்கும் விட்டார்.

சுரங்கக் குடியிருப்பில் சாவு அடிக்கடி நேர்ந்தது. கூலி வாங்கும் தொழிலாளர்களிடம் கைம்பெண்கள் கணவனை அடக்கம் செய்யக் காசு கேட்டு நிற்பதை காஸ்டன் கண்டார். செத்தவர் பெயரைச் சொல்லிப் பொய் வசூல் செய்தவர்களும் உண்டு. வாராவாரம் சில சென்ட் கட்டினால், இறப்பு நேரும்போது கையேந்தாமல் கௌரவமாக அடக்கம் நடக்கும் என்ற ஏற்பாட்டை 1923இல் அவர் தொடங்கினார். புக்கர் டி. வாஷிங்டன் மரண உதவிச் சங்கம் என்று அதற்குப் பெயர். தேவாலயப் போதகர்களின் ஆதரவோடு சங்கம் வளர்ந்தது. 1932இல் முறையான காப்பீட்டு நிறுவனமாகப் பதிவானது. அடக்கப் பணியையும் தாமே ஏற்க, மாமனார் ஏ.எல். ஸ்மித்துடன் கூட்டுச் சேர்ந்து 'ஸ்மித் அண்ட் காஸ்டன்' என்ற இறுதிச் சடங்கு இல்லத்தை நிறுவினார். குடும்பத் தொழிலாகவே அது நடந்தது.

அமெரிக்காவில் இத்தொழில் உருப்பெற்றது 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது. தொலைவில் மாண்ட வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்ப, உடலைக் கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங் முறை பரவியது. 1865இல் ஆபிரகாம் லிங்கனின் பதப்படுத்தப்பட்ட உடல் ரயிலில் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டபோது மக்கள் அதை நேரில் கண்டார்கள். அதன்பின் இம்முறை பொதுவழக்காயிற்று. கழுத்துத் தமனி வழியாகப் பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்தி, சிரை வழியாக இரத்தத்தை வெளியேற்றுவது இதன் செய்முறை. அடக்க இல்லம் நடத்துபவர் நள்ளிரவிலும் தொலைபேசி ஒலித்தால் கிளம்ப வேண்டும். உடலை எடுத்து வந்து குளிப்பாட்டி, காயங்களை மறைத்து, தலை சீவி, நல்ல உடை உடுத்திச் சவப்பெட்டியில் கிடத்த வேண்டும். மரணப் பதிவு, நாளிதழ் அறிவிப்பு, தேவாலய ஏற்பாடு, பூ, வாகனம், கல்லறைக் குழி எல்லாம் அவர் பொறுப்பு. குடும்பத்தார் அழுது ஓய்ந்த பிறகு கணக்குப் பேசுவதும் அவரே.

இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் ஆண்ட தென் மாநிலங்களில் இப்பணிக்குத் தனிக் கனம் இருந்தது. உயிரோடு இருந்தவரை ஐயா, அம்மா என்று வெள்ளையரால் அழைக்கப்படாத ஒருவருக்கு, முழு மரியாதையோடு நடக்கும் முதல் நிகழ்ச்சி பல நேரம் அவருடைய சவ அடக்கமாகவே இருந்தது. வன்முறையில் சிதைந்த முகத்தைத் தாய் பார்க்கும்படி சீர்செய்யும் வேலையும் கறுப்பின அடக்கப் பணியாளர்களுக்கு வந்தது. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் உடல் சிகாகோவுக்கு வந்தபோது, பெட்டியைத் திறந்து வைத்தே தீர வேண்டும் என்று தாய் மேமி டில் உறுதியாக நின்றார். அங்கே அடக்கப் பணியை ஏற்றிருந்த ஏ.ஏ. ரேனரின் இல்லம் அதற்கு இணங்கியது. ஆயிரக்கணக்கானோர் அந்த முகத்தைக் கண்டார்கள், நாடே குலுங்கியது.

இத்தொழிலுக்கு இன்னொரு வலிமையும் இருந்தது. வெள்ளை முதலாளியிடம் வேலை பார்த்த ஆசிரியரோ சுரங்கத் தொழிலாளியோ வாக்குரிமை கேட்டால் மறுநாள் வேலை போகும். அடக்க இல்லம் நடத்துபவரின் வாடிக்கையாளர் அனைவரும் சொந்தச் சமூகத்தார். அவர் வருமானத்தில் வெளியார் கை வைப்பது கடினம். ஆகவே உரிமைப் போராட்டக் காலத்தில் கூட்டம் நடத்த இடமும், தலைவர்கள் செல்ல வாகனமும், பிணைத்தொகைக்குப் பணமும் இவர்களிடமிருந்து கிடைத்தன.

காஸ்டன் தம் சமூகத்தில் எது இல்லையோ அதையே அடுத்த தொழிலாக எடுத்துக்கொண்டார். காப்பீட்டு அலுவலகத்துக்குத் தட்டச்சும் கணக்கெழுத்தும் தெரிந்த கறுப்பின இளைஞர்கள் கிடைக்கவில்லை; 1939இல் வணிகக் கல்லூரி தொடங்கினார். அவருடைய இரண்டாம் மனைவி மின்னி அதை நடத்தினார். நகரத்துக்கு வரும் கறுப்பினத்தவருக்குத் தரமான தங்குமிடம் இல்லை, 1954இல் ஏ.ஜி. காஸ்டன் விடுதி திறக்கப்பட்டது. 1890இல் தொடங்கிய அலபாமா பென்னி சேவிங்ஸ் வங்கி 1915இல் மூடப்பட்டபின் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வங்கி நகரில் இல்லை. வீடு கட்ட நியாயமான கடனும் கிடைக்கவில்லை. 1957இல் சிட்டிசன்ஸ் ஃபெடரல் சேமிப்புக் கடன் நிறுவனத்தை அவர் தொடங்கினார்.

1963ஆம் ஆண்டு அவரைச் சோதித்தது. மார்ட்டின் லூதர் கிங் இனப்பாகுபாட்டுக்கு எதிரான பர்மிங்ஹாம் போராட்டத்தைக் காஸ்டன் விடுதியின் 30ஆம் எண் அறையிலிருந்து திட்டமிட்டார். காஸ்டனோ பேச்சுவார்த்தையை நம்பியவர். சிறுவர்களைப் போராட்டத்துக்காகத் தெருவில் இறக்குவதை எதிர்த்தார். 'வெள்ளையருக்குத் தலையாட்டுபவர்' என்று இளைஞர்கள் அவரைச் சாடினார்கள். மே 3 அன்று கெல்லி இங்க்ரம் பூங்காவை ஒட்டிய தம் அலுவலகத்திலிருந்து டேவிட் வான் என்ற வெள்ளை வழக்கறிஞரோடு அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது போராடியவர்கள் மீது பாய்ச்சப்பட்ட தீயணைப்புக் குழாயின் நீர் வேகத்தில் ஒரு கறுப்பினச் சிறுமி தெருவில் உருண்டு போவதை ஜன்னல் வழியே கண்டார். கண்டதைச் சொல்லிவிட்டுப் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டார். மே 8 அன்று கிங்கும் அவருடைய தோழர் ரால்ஃப் அபர்நாதியும் மீண்டும் சிறைப்பட்டபோது, வெள்ளையர் தரப்போடு உருவாகிவந்த உடன்பாடு முறிந்துவிடக் கூடாது என்று 5,000 டாலர் பிணைத்தொகையைக் காஸ்டன் கட்டினார். மே 10 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் இரவு அவருடைய விடுதியில் குண்டு வெடித்தது. செப்டம்பரில் அவர் வீட்டின் மீதும் தீக்குண்டு வீசப்பட்டது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை.

இத்தொழிலின் மீது குறைகளும் உண்டு. துயரத்தில் இருப்பவரால் பேரம் பேச முடியாது. அந்த நிலையைப் பயன்படுத்தி விலை உயர்ந்த பெட்டிகளைத் தலையில் கட்டும் வழக்கத்தை ஜெசிகா மிட்ஃபோர்ட் 1963இல் எழுதிய நூல் அம்பலப்படுத்தியது. ஒவ்வொரு பொருளுக்கும் பணிக்கும் தனித்தனி விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1984இல் நடைமுறைக்கு வந்தது. நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட தொழிலில் அந்த நம்பிக்கை எளிதில் சுரண்டலாக மாறக்கூடும் என்பதே இந்த விதிக்குக் காரணம். அடக்கக் காப்பீட்டுக்கு மக்கள் கொடுத்த சில்லறைக் காசுதான் காஸ்டனின் செல்வத்துக்கும் ஊற்று. அந்தக் காசு கல்லூரியாகவும் வீட்டுக் கடனாகவும் அதே தெருக்களுக்குத் திரும்பியது என்பதில்தான் அவர் வேறுபடுகிறார்.

1960களில் பர்மிங்ஹாம் சிறுவர்களுக்காக ஒரு மன்றம் அவர் ஆதரவில் அமைந்தது. 1987இல் காப்பீட்டு நிறுவனத்தை, அதன் உண்மை மதிப்பில் ஒரு சிறு பங்கு விலைக்குத் தம் ஊழியர்களுக்கே விற்றார். 1996 ஜனவரி 19 அன்று 103ஆம் வயதில் மறைந்தார். அவருடைய விடுதி 2017இல் பர்மிங்ஹாம் குடிமை உரிமைகள் தேசிய நினைவிடத்தின் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொரு தலைமுறையும் மதிப்பான தொழில் எது என்று தேடுகிறது. காஸ்டனின் வாழ்க்கை அந்தத் தேடலுக்குத் தரும் அளவுகோல்கள் மூன்று: தன் மக்களுக்கு எது இல்லை என்று பார்ப்பது, அவர்கள் நம்பிக் கொடுத்த காசுக்குக் கணக்குக் காட்டுவது, ஆபத்து வந்தபோது ஊரோடு நிற்பது. பிணத்தைத் தொடும் வேலை என்று பிறர் ஒதுக்கிய பணியில் இருந்துகொண்டே, பத்தாம் வகுப்பு வரை மட்டும் படித்த ஒருவர் இம்மூன்றையும் செய்து காட்டினார். பட்டத்தோடு புறப்படுகிறவர்களிடம் சமூகம் இதைவிடக் குறைவாக எதிர்பார்க்க நியாயமில்லை.