கண்டிஷனர்: வேருக்கு வேண்டாம், நுனிக்குப் போடுங்க

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அழகு நிலையம் நடத்திவரும் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கடன், சேமிப்பு பத்தியெல்லாம் நிறையப் பேர் பேசுறாங்க. நீ உன் தொழிலைப் பத்திப் பேசு”ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால நம்ம எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இப்ப தொங்குகிற ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறேன். அதுதான் கண்டிஷனர். ஷாம்பு பாக்கெட் பக்கத்திலேயே பெட்டிக்கடையில தொங்குது. வாங்குறோம். ஆனா எப்படிப் போடணும்னு யாரும் நமக்குச் சொல்றதில்லை.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். குழுவில 20,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கடை போட்ட புதுசு. பயிற்சியில தலைமுடி பராமரிப்பு வகுப்பு நடந்த அன்னிக்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் போகலை. யார்கிட்டயும் கேட்டுக்கவும் இல்லை. முதல் கல்யாணப் பொண்ணு வந்தது. எண்ணெய் தேய்க்கிற மாதிரியே உச்சந்தலையில கண்டிஷனரை ஊத்தி நல்லா தேய்ச்சு விட்டேன். சரியா அலசவும் இல்லை. காய்ஞ்ச பிறகு பார்த்தா முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நிக்குது. ஊசி குத்தினா நிக்கலை, பூச்சரம் வழுக்கி விழுது. பொண்ணோட அம்மா கேட்டாங்க: “என்னம்மா, தலைக்குக் குளிப்பாட்டினியா, எண்ணெய் வச்சு விட்டியா?” விடியற்காலை நாலரை மணிக்கு மறுபடியும் ஷாம்பு போட்டு அலசி, மின்விசிறிக்கு முன்னால உட்கார வச்சுக் காய வச்சேன். கூலி வாங்க மனசு வரலை. அந்த மாதத் தவணையை என் சேமிப்பிலிருந்துதான் கட்டினேன்.

அப்புறம்தான் பயிற்சி கொடுத்த மேடம்கிட்ட போய்க் கேட்டேன். அவங்க சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

முடி மாதம் ஒன்றுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரைக்கும் முடி இருக்கிற ஒருத்தருக்கு, நுனியில இருக்கிற முடிக்கு நாலஞ்சு வயசு. அத்தனை வருஷமா அது வெயிலையும் சீப்பையும் உப்புத் தண்ணியையும் பார்த்திருக்கு. வேரில இருக்கிற முடி போன மாசம்தான் வந்தது. அதுக்குத் தலைத்தோலில சுரக்கிற எண்ணெய்யே போதும். ஆக, கவனிப்பு வேண்டியது நுனிக்குத்தான்.

முடியோட மேற்பரப்பு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. சின்னச் சின்னச் செதில் ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சிருக்கும். முடி பழசாகப் பழசாகச் செதில் தூக்கிக்கும். ஒண்ணோட ஒண்ணு மாட்டிச் சிக்கு விழும், சீவினா அறுந்து போகும். ஷாம்பு அழுக்கோட எண்ணெய்யையும் எடுத்துடும். கண்டிஷனர் காந்தம் இழுக்கிற மாதிரி, சேதமான இடத்தில போய் அதிகமா ஒட்டி, மெல்லிசா ஒரு பூச்சு பூசும். அவ்வளவுதான் அதோட வேலை. அது முடியை வளர்க்காது, உதிர்வதை நிறுத்தாது. இதை மனசில வச்சுக்கணும்.

இனி செய்முறை.

1. குளிக்கும் முன்பே, முடி காய்ந்திருக்கும்போதே சிக்கு எடுத்துவிடுங்கள்.

2. ஷாம்புவைத் தலைத்தோலில் தேய்த்து நன்றாக அலசுங்கள். நுரை வழிந்து இறங்குவதே நுனிக்குப் போதும்.

3. முடியைக் கையால் பிழிந்து தண்ணீரை வடியுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் கண்டிஷனர் தண்ணீரோடு போய்விடும். பலரும் விடுகிற படி இதுதான்.

4. தோள் வரை முடி என்றால் ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். இடுப்பு வரை என்றால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, காதுக்குக் கீழே இருந்து நுனி வரை தடவுங்கள்.

5. அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போகும்படி மெதுவாகச் சீவுங்கள்.

6. இரண்டு, மூன்று நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் குதிகாலைத் தேய்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் ஊற வைத்தால் இன்னும் நல்லது என்பது கிடையாது.

7. வழவழப்பு போகும் வரை அலசுங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம்.

8. துண்டால் அடித்துக் காய வைக்காதீர்கள். ஈர முடி இழுபட்டுச் சுலபமாக அறுந்துவிடும். துண்டில் சுற்றி ஒற்றி எடுங்கள்.

நம்ம பக்கம் போர்வெல் தண்ணி உப்பு. அதுல குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டா வெள்ளையா படிஞ்சு முடி கயிறு மாதிரி ஆகும். சோப்பு வேண்டாம். முடிஞ்சா கடைசி ரெண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணியா ஊத்துங்க.

பொடுகு இருக்கிறவங்க பொடுகு ஷாம்புவைத் தலைத்தோலில சில நிமிஷம் விட்டு அலசுங்க. கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

வேர் வரைக்கும் போடுறதுக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் இருக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குப் பேன் வந்தா, தலையைக் கழுவி, கண்டிஷனரை நிறையத் தடவி, பேன் சீப்பால வேரிலிருந்து நுனி வரை வாருங்க. பேன் ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கிட்டு வரும். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. அப்புறம் நல்லா அலசிடுங்க. நாலு நாளுக்கு ஒரு தடவையா ரெண்டு வாரம் செய்யணும். ஈர் பொரிச்சு வர்ற குஞ்சும் அப்பத்தான் போகும்.

“எங்க அம்மா காலத்தில கண்டிஷனர் இருந்ததா?”ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. இருந்தது பாட்டி, பேர்தான் வேற. வடிச்ச கஞ்சியில சீயக்காய் கலக்கினாங்களே, செம்பருத்தி இலையை அரைச்சு வழவழன்னு தேய்ச்சாங்களே, அதுவும் இந்த வேலையைத்தான் செய்தது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, குளிக்கும்போது ஏற்படுற சேதத்தைக் குறைக்கும். எண்ணெய் வச்சு, சீயக்காய் தேய்ச்சு முடி நல்லா இருக்கிறவங்க கண்டிஷனருக்காகக் காசைக் கரைக்க வேண்டாம்.

கடைசியா முக்கியமான விஷயம். என் கடைக்கு ஒரு தங்கச்சி வந்தா. கொத்துக் கொத்தா முடி கொட்டுது. ஒவ்வொரு மாசமும் விலை கூடின கண்டிஷனரா மாத்தி மாத்தி வாங்கியிருக்கா. நான் இன்னொண்ணை வித்திருக்கலாம், எனக்கு லாபம். ஆனா அவ கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரத்தத்தில ஹீமோகுளோபின் 8. கர்ப்பமில்லாத பெண்களுக்குக் குறைஞ்சது 12 இருக்கணும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. கீரை, பேரீச்சம்பழம், முட்டை சாப்பிடச் சொன்னாங்க. சில மாசத்தில நெத்தியோரம் புது முடி முளைச்சுது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரைக்கும் கொட்டுறது இயல்பு. பிரசவமாகி ரெண்டு, மூணு மாசம் கழிச்சு அதிகமாகவே கொட்டும், பிறகு தானா வளரும். அதுக்கும் மேல கொட்டினா, அசதியா இருந்தா, மாதவிடாய் அதிகமாப் போனா, கடைக்குப் போகாதீங்க. என் கடைக்கும் வராதீங்க. முதல்ல ரத்தம் பார்த்துட்டு வாங்க. தமிழ்நாட்டில பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்குன்னு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்கிற நம்மள்ல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில சேமிப்புப் புத்தகத்தோட, ஒவ்வொருத்தரும் தன் ஹீமோகுளோபின் அளவையும் எழுதிக்கிட்டு வரணும்னு கேட்டுக்கிறேன். மிச்சத்தைக் கண்டிஷனர் பார்த்துக்கும்.