வாசகர் வாக்கை நம்பலாமா?



வாசகர்கள் வாக்களித்துத் தரும் இலக்கிய விருதை நம்ப முடியாது என்றார் எனக்கு முன் பேசிய சகோதரி. அதற்கு அவர் காட்டிய சான்று, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது. அதே விருதை வைத்தே நான் பதில் சொல்கிறேன்.

ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் கட்டணம் செலுத்திச் சேரும் உறுப்பினர்களே நூல்களை முன்மொழிகிறார்கள், அவர்களே வாக்களிக்கிறார்கள். 2015இல் சீன எழுத்தாளர் லியூ சிசினின் நாவலுக்கும், 2019இல் நமது மலேசியாவைச் சேர்ந்த ஸென் சோவின் கதைக்கும் மகுடம் சூட்டியவர்கள் இந்த வாசகர்கள்தாம்.

சரி, தவறு எங்கே நடந்தது? 2023 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் மாநாடு நடந்தது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில் முன்மொழிவுக் கணக்கு வெளியானது. ஆர்.எஃப். குவாங் எழுதிய ‘பேபல்’ நாவல் இறுதிப் பட்டியலுக்குப் போதுமான ஆதரவைப் பெற்றிருந்தது. ஆனால், அதற்கு எதிரே ‘தகுதியற்றது’ என்று எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டால் பதில் இல்லை. இத்தனைக்கும் அந்த நாவல் நெபுலா விருதை வென்ற நாவல்!

பிப்ரவரியில் உண்மை வெளிவந்தது. விருதுக் குழுவினர் தங்களுக்குள் அனுப்பிய மின்னஞ்சல்கள் கசிந்தன. எழுத்தாளர்கள் சீனா, தைவான், திபெத் பற்றி என்ன எழுதினார்கள், எங்கே போனார்கள் என்று துருவித் துருவிக் குறிப்பெடுத்திருக்கிறார்கள். ஒருவர் திபெத்துக்குப் போனதாக எழுதி வைத்தார்கள். அவர் போனதோ நேபாளத்துக்கு! இதைச் செய்தவர்களில் மேற்கு நாடுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நடுவர் அவர்களே, இங்கே ஏமாற்றியவர் யார்? வாசகரா? வாசகர் போட்ட வாக்கு சரியாகத்தான் இருந்தது. எண்ணிய கை செய்த பிழைக்கு, போட்ட கையைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்த மாநாடு 2024இல் கிளாஸ்கோவில் நடந்தது. அங்கும் சோதனை வந்தது. வரிசை எண்களையே பெயராக வைத்தும், முதல் எழுத்தை மட்டும் மாற்றியும் கள்ள வாக்குகள் குவிந்தன. குழுவினர் மூடி மறைக்கவில்லை. 377 வாக்குகளைச் செல்லாதவை என்று நீக்கி, முடிவு வெளிவரும் முன்பே அதை உலகுக்கு அறிவித்தார்கள். அந்த வாக்குகளால் பயனடைய இருந்தவருக்கு இதில் பங்கு உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லி, அவர் பெயரையும் காத்தார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை அல்லவா?

மூடிய அறைக்குள் நால்வர் கூடித் தரும் விருதில், எந்த நூலை ஏன் ஒதுக்கினார்கள் என்று நமக்கு எப்போதாவது தெரிந்ததுண்டா? ஹியூகோவில் கணக்கை வெளியிட வேண்டும் என்பது விதி. அந்த விதி இருந்ததால்தான் செங்டு விவகாரமே வெளிச்சத்துக்கு வந்தது.

விருது முத்திரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கும் பெற்றோர் நம்மில் பலர். ஒதுக்கப்பட்ட நூல் அந்தப் பிள்ளையின் கைக்கு வராமலே போய்விடும். நட்டம் எழுத்தாளருக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். ஆகவே, வாசகர் வாக்கை நம்புங்கள். அதை எண்ணுபவரிடம் கணக்குக் கேளுங்கள் என்று கூறி விடைபெறுகிறேன்.