வீட்டு நாய்க்கு வீட்டுச் சோறு

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமொன்றில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில் கர்ப்பிணிகளுக்கு வரும் இரத்தச் சோகையைப் பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு அம்மா கேட்டாங்க: "சார், எங்க வீட்டு நாய் எதைப் போட்டாலும் மெலிஞ்சுகிட்டே போகுது. அதுக்கும் உங்ககிட்ட மாத்திரை இருக்கா?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அது என் வீட்டில் நடந்த ஒரு தவறை நினைவுபடுத்தியது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நாய் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் துறை அந்த நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. மாடுகளைக் காத்து உயிர் விட்ட வீரனோடு, திருடர் இருவரைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பேரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அவ்வளவு மதிப்புக் கொடுத்த சமுதாயம் நாம். ஆனால் அதற்கு என்ன சோறு போடுகிறோம் என்று மட்டும் நாம் யோசிப்பதில்லை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2017-இல் என் தகப்பனார் காலமானார். அதற்குப் பிறகு என் தாயார் கிராமத்து வீட்டில் தனியாக இருந்தார். எங்களோடு வரச் சொன்னால் வர மாட்டார். ஒருத்திக்காக என்ன சமையல் என்று ஒரு வேளை பொங்கினால் இரண்டு நாள் வைத்துக்கொள்வார். எடை குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு குட்டி கொடுத்தார்கள், நாட்டு நாய்தான். 'மணி' என்று பேர் வைத்தார். அந்த நாய் வந்த பிறகு வீடே மாறிப் போயிற்று. அதற்காகக் காலையில் எழுந்தார். அதோடு கண்மாய்க் கரை வரை நடந்தார். அதற்காகச் சோறு பொங்கித் தானும் சூடாகச் சாப்பிட்டார். "ஏய்யா, இதுகிட்ட பேசிக்கிட்டே இருந்தா பொழுது போறதே தெரியல" என்பார்.

2019-இல் ஒரு நாள் போனேன். மணி வாசலில் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மூத்திரம் தேநீர் நிறத்தில் போகிறது என்றார் தாயார். சூட்டுக்குத்தான் அப்படிப் போகிறது என்று நான் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது: "அது சோத்தையே தொட மாட்டேங்குதுய்யா." அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. தாய்மார்களே, கண் இமையை விலக்கிப் பார், நாக்கைப் பார், வெளுத்திருந்தால் இரத்தச் சோகை என்று முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொன்னவன் நான். என் வீட்டு வாசலில் கிடந்த ஜீவனின் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"என்ன சாப்பாடு போடறீங்க?" என்று கேட்டார் மருத்துவர். "நாங்க சாப்பிடுறதுதாங்க" என்றார் என் தாயார் பெருமையோடு. அந்த வாரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய குருமாவும் வெங்காயப் பச்சடியும் வாளியில் வந்திருக்கிறது. நாய்க்கு மூன்று நாள் அதுதான் விருந்து. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பச்சையானாலும் வேக வைத்தாலும் அதிலுள்ள ஒரு வகைப் பொருள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூண்டும் அந்த இனந்தான். உடைந்த இரத்தந்தான் மூத்திரத்தில் தேநீர் நிறமாக வந்தது. நல்ல வேளையாக மணி பிழைத்தது. எழுந்து நடமாட மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் என் தாயாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றுதான். வீட்டுச் சோறு வேறு, மிச்சச் சோறு வேறு. நாம் சாப்பிட்டு மீந்த உப்பு, புளி, காரம், வெங்காயம், எண்ணெய், எலும்பு எல்லாம் சேர்ந்ததை வழித்துப் போடுவது வீட்டுச் சோறு ஆகாது.

"சார், நாலு பேருக்கே குழம்பு பத்த மாட்டேங்குது. நாய்க்குத் தனியா எங்க சமைக்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனி அடுப்பு வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்க்கும் முன்னே அதன் பங்கை எடுத்து வையுங்கள். சோறு வெந்ததும் ஒரு கரண்டி, பருப்பு வெந்ததும் ஒரு கரண்டி, காய் வெந்ததும் ஒரு கைப்பிடி. தாளிக்கும் முன் எடுப்பது அதற்கு. தாளித்த பின் உள்ளது நமக்கு. அவ்வளவுதான்.

நாய்க்குச் சோறு செரிக்குமா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. நன்றாகச் செரிக்கும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச் சத்தைச் செரிக்கும் திறன் அதிகம் என்று 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து அவன் உணவைத் தின்றதால் வந்த பழக்கம் அது. ஆனால் வெறும் சோறு போதாது. புரதச் சத்து கட்டாயம் வேண்டும்.

ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள, வளர்ந்த, நோயில்லாத நாய்க்கு ஒரு நாள் கணக்கு சொல்கிறேன். அரிசி 100 கிராம். எலும்பு நீக்கி வேக வைத்த கோழிக்கறி அல்லது முள் எடுத்த மீன் 100 கிராம். வேக வைத்த முட்டை 1. கேரட், பூசணி, பீன்ஸ் போன்ற காய் ஒரு கைப்பிடி. எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதில் சுமார் 600 கலோரி கிடைக்கும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடலாம். தினமும் கறி வாங்க முடியாத வீட்டில் முட்டையும் வெந்த பருப்பும் கைகொடுக்கும். அரிசிக்குப் பதில் கேழ்வரகும் கம்பும் வேக வைத்துக் கொடுக்கலாம். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதுதான் சரியான உடல் வாகு. மெலிந்தால் கூட்டுங்கள், தொந்தி விழுந்தால் குறையுங்கள். எதைப் போட்டாலும் மெலிகிறது என்றால் குடற்புழு இருக்கலாம். போன மாதம் கேட்ட அம்மா முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோற்றில் ஒரு குறை உண்டு. சுண்ணாம்புச் சத்து போதாது. பால் சோறோ வெறும் கறியோ தின்று வளரும் குட்டிகளுக்கு எலும்பு பலம் இழந்து கால் வளைந்துவிடும். முட்டை ஓட்டைக் கழுவி, காய வைத்து, மாவாகப் பொடித்துச் சேர்க்கலாம். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எவ்வளவு சேர்ப்பது, வேறு சத்து மருந்து வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் கணக்கு வேறு. கடையில் விற்கும் நாய்த் தீனி கெட்டது என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ளவர் வாங்கட்டும். வசதி இல்லாதவர் நாய்க்குக் குறை வைத்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி, கொடுக்கவே கூடாதவை. வெங்காயம், பூண்டு சொன்னேன். திராட்சையும் பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது, டீ, காப்பி கூடாது. சர்க்கரை இல்லாத சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் என்ற பொருள் நாய்க்கு உயிராபத்து. ஊறுகாய், கருவாடு போன்ற உப்புப் பண்டம் வேண்டாம். வேக வைத்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சுத்தமான தண்ணீர்தான் எப்போதும் இருக்க வேண்டும். ஆட்டுக்கறிக் கடையில் கிடைக்கும் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடாதீர்கள். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தில் வந்து, கழுவாத கை வழியாக நம் வயிற்றுக்குள் போய், ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்கும். நன்றாக வேக வைத்துப் போடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு நாய் எதற்கு என்று கேட்கலாம். நாயோடு நடப்பவருக்கு நடை தானாக வருகிறது. நாய் வளர்ப்பது இதய நோய் அபாயம் குறைவதோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு ஜீவனுக்கு நேரத்துக்குச் சோறு வைக்கும் குழந்தை பொறுப்பைக் கற்கிறது. தனித்திருக்கும் முதியவருக்கு அது துணை. என் தாயாரைப் பார்த்த எனக்கு இதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒன்று. தடுப்பூசி போடாத நாயை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த நன்மைகளைப் பேசுவதில் அர்த்தமில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 வரை நாயால்தான் வருகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் வருடந்தோறும்.

"நம்ம வீட்டு நாய்தானே, லேசாத்தானே பல் பட்டுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். குட்டியின் நகம் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஊசி இலவசம். நான் சிறுவனாக இருந்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்தப் பயத்தில் கடியை மறைத்த பிள்ளைகள் உண்டு. இன்று அந்த ஊசி கிடையாது. இப்போது கையில் தோலுக்குள் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுகிறார்கள்; தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் உண்டு. காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவைப்படும். ஒரு தவணையும் தவறக் கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்து 10 நாள் கவனியுங்கள். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கவே கூடாது.

தாய்மார்களே, நினைவில் வையுங்கள்:

1. தாளிக்கும் முன் எடுத்தது நாய்க்கு, மீந்தது அல்ல.
2. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு வேண்டாம்.
3. வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து.
4. நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.
5. கடி, கீறல், புண்ணில் நக்கல் எதுவானாலும் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நாயின் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். பெரும்பாலான நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சிலவற்றுக்குப் பிறவியிலேயே கறுப்பாக இருக்கும்; அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையைப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். என்னைப் போல இரண்டு நாள் தாமதிக்காதீர்கள். வாயில்லா ஜீவன், தனக்கு என்ன நோவு என்று அது சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்.