பிள்ளையைக் கொண்டு போய்விட்டார்களா? உத்தரவைக் கேளுங்கள்!

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2023 மே மாதக் கடைசியில் பீகாரிலிருந்து மகாராஷ்டிரா மதரஸாவுக்கு ஓதப் புறப்பட்ட 59 பிள்ளைகளைப் புசாவல், மன்மாட் ரயில் நிலையங்களில் இறக்கினார்கள். உடன் வந்த உஸ்தாதுகள் 5 பேர் மீது ஆள்கடத்தல் வழக்கு. பிள்ளைகள் 12 நாட்கள் காப்பகத்தில் இருந்தார்கள். உஸ்தாதுகள் ஏறக்குறைய 4 வாரம் சிறையில் கிடந்தார்கள். 2024 மார்ச்சில், தவறான புரிதலால் பதிந்த வழக்கு என்று சொல்லி ரயில்வே போலீசாரே அதை முடித்துவிட்டார்கள். இதைப் பற்றி நாம் நிறையவே கோபப்பட்டாகிவிட்டது. நான் கேட்பது வேறு. அந்த நிலை நாளை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

போலீஸ் நிலைய வாசலில் கூட்டம் கூட்டுவதில் பயனில்லை. பிள்ளையைப் பற்றி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு அது. நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. பிள்ளையை மீட்டதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத நேரமென்றால் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தலாம். ஆனால் இறுதி முடிவுக்கு 3 உறுப்பினர்களாவது இருந்தாக வேண்டும்.

அங்கே நீங்கள் குற்றவாளியாக நிற்கவில்லை, பெற்றவராக நிற்கிறீர்கள். குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது, காப்பகம் கடைசி வழி என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமாகக் கேட்கப்படும் உரிமையும் அதில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று எதுவானாலும் முதல் நாளே கொண்டு போங்கள். சமூக விசாரணைக்கு வீட்டுக்கு வருபவரிடம் கதவைச் சாத்தாதீர்கள். 15 நாளில் அவர் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் குழு யோசிக்கும். பிள்ளையைத் தர மறுத்தால், அந்த உத்தரவின் நகலை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எதிர்த்து எங்கேயும் மேல்முறையீடு செய்ய முடியாது.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். படிக்காமல் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்! ஒப்படைப்புப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. வளர்க்க வழியில்லை என்று பெற்றவர் பிள்ளையைக் குழுவிடமே விட்டுக் கொடுப்பது அது. கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. அது கடந்தால் பிள்ளையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கலாம். விதவைத் தாய் தன் மகனை எத்தீம்கானாவில் சேர்ப்பது வேறு, இது வேறு. என்ன காகிதம் என்று கேளுங்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வறுமைதான் காரணமென்றால் நிதி ஆதரவு கேளுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு, பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தரும் திட்டம் மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. நம்முடைய ஜமாஅத்துகளில் எத்தனை பேர் இதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்?

இனி நமக்குக் கசப்பான பகுதி. எல்லா வழக்கும் புசாவல் வழக்கல்ல. 2022இல் சென்னை மாதவரத்தில் ஒரு மதரஸாவிலிருந்து பீகார் பிள்ளைகள் 12 பேர் அடிபட்ட காயங்களோடு மீட்கப்பட்டார்கள். அங்கே அதிகாரிகள் வந்தது பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். பாலியல் கொடுமை என்று தெரிந்த பிறகு, "சமுதாயத்தின் மானம் போய்விடும், உள்ளுக்குள் பேசி முடிப்போம்" என்று முத்தவல்லியும் நிர்வாகிகளும் உட்கார்ந்தால், அதுவே குற்றம். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியாக வேண்டும். மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் உடம்பை விடப் பெரிய மானம் நமக்கு எது?

காப்பகம் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். பதிவு கட்டாயம். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளை ஒட்டி எழுந்த வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. வெளி மாநிலப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தையும் சேர்க்கைக் கடிதத்தையும் பயணத்தில் கையோடு வைத்திருங்கள்.

பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பி நீதி கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் விசாரணையிலுள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மகனை மீட்கப் போன தகப்பன் தானே வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குழுவின் நடத்தை பற்றிய புகாருக்கு மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். உத்தரவை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தரச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. எனவே மனுவைத் தாயின் பெயரில் கொடுங்கள். தொலைபேசி 15100. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அதை நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், உத்தரவில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள்.