தாடை எலும்பு ஆறுவதை அளத்தல்



பல் மருத்துவத் துறையில் பணிபுரியும் பழைய மாணவிகளாகிய எங்களிடம், எமது துறை சார்ந்து ஏதேனும் பேசுமாறு கேட்டிருந்தீர்கள். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் அதற்கு முக்கிய காரணம். நோய் எலும்புக்குள் பரவினால் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி அகற்ற நேரிடும். அந்த இடைவெளியை எலும்பால் மீண்டும் நிரப்புவது எப்படி?

இதற்கான விடை முதலில் விலங்குகளிலேயே தேடப்பட்டது. 1988 இல் சுவீடனைச் சேர்ந்த டாலினும் சகாக்களும் எலிகளின் கீழ்த்தாடையில் இருபுறமும் 5 மில்லிமீற்றர் துளையிட்டு, ஒரு புறத்தை மட்டும் தெஃப்லோன் சவ்வால் மூடினர். மூடிய புறம் 6 வாரங்களில் எலும்பால் நிரம்பியது. மூடாத புறத்தில் 22 வாரங்கள் சென்றும் எலும்பு சொற்பமே. மென்மையான இழையம் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிட்டது.

புதிய எலும்பு முதலில் புரத வலையாகவே உருவாகிறது. கல்சியமும் பொசுபேற்றும் படிந்த பின்னரே அது உறுதி பெறும். இப்படிவைச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் கண்ணால் மட்டிட முடியாது. கனியுப்பு 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால்தான் படத்தில் வேறுபாடு தெரியும். ஆகவே படிப்படியாகத் தடிப்புக் கூடும் அலுமினியத் துண்டொன்றை அருகில் வைத்துப் படமெடுப்பர். எலும்பின் நிழல் எத்தனை மில்லிமீற்றர் அலுமினியத்துக்குச் சமம் என ஒப்பிட்டால் ஓர் எண் கிடைக்கும். 1963 இல் அமெரிக்காவில் கமெரோனும் சோரன்சனும் அயடீன்-125 இன் கதிர்களைக் கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டனர். இன்று நுண் சீ.ரீ. கருவி முப்பரிமாணத்திலேயே அளந்து தருகிறது.

முன்னர் ஒவ்வொரு கட்டத்தையும் அறிய ஒவ்வொரு தொகுதி விலங்குகளைக் கொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஒரே விலங்கை மயக்கி, வாரந்தோறும் அளந்து தொடரலாம். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைக் குறையுங்கள், இயன்றால் வேறு வழி தேடுங்கள் என்று ரசலும் பேர்ச்சும் 1959 இல் எழுதியதற்கு இது பொருத்தமானதே. ஓர் உயிரின் செலவில் பெறும் அறிவைத் திருத்தமாக அளந்து பெறுவது எமது கடன் என்றே நாம் கருதுகிறோம்.

சகோதரிகளே, இழந்த தாடையை மீட்பதிலும் அதை இழக்காமல் காப்பது எளிது. உங்கள் வீட்டாரின் வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்போ, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.